காஞ்சித் தறியும் கடற்றுறைகளும்

காஞ்சியைக் கோயில் நகரம் என்போம். பட்டு நகரம் என்போம். கல்விக் கரையிலாத ஊர் என்று பெருமை பேசுவோம். ஆயின் கடலோடு சேர்த்து இவ்வூரைச் சொல்வார் இன்று அரியர். கடல் நம் ஊருக்கு ஏறத்தாழ நாற்பது கல் தொலைவில் இருப்பது அதற்கொரு காரணமாகலாம். ஆனால் வெளியுலகம் காஞ்சியை முதலில் அறிந்தது கடல் வழியாகவே. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் மலரில் தறியையும் துறையையும் இணைத்து எண்ணிப் பார்ப்பது பொருத்தம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சீனத்து ஹான் மரபினரின் வரலாற்று நூல் ‘ஹுவாங்-சி’ என்றொரு நாட்டைக் குறிப்பிடுகிறது. அது காஞ்சியே என்பது அறிஞர் பலரின் கருத்து, மறுப்போரும் உளர். அந்நாட்டுக்குச் சீனத் தூதர் பொன்னும் பட்டும் கொண்டு சென்று, முத்தும் மணியும் பெற்றுத் திரும்பினர் என்கிறது அந்நூல். அவர்கள் ஒரே கப்பலில் வந்தவர்கள் அல்லர். வழியிடை நாடுகளின் வணிகக் கலங்கள் அவர்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றிக் கொண்டு சேர்த்தன என்ற குறிப்பும் அங்கே உண்டு. ஹுவாங்-சி காஞ்சியே எனின், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனப்பட்டு கலம் மாறிக் கலம் ஏறி இவ்வூர் வந்தது என்றாகிறது.

இப்படி ஒரு கலத்தினின்று இறக்கிய சரக்கை மற்றொரு கலத்தில் ஏற்றி அனுப்பும் தொழிலைத்தான் இன்று கப்பல் துறையினர் ‘டிரான்ஷிப்மென்ட்’ என்கின்றனர். சரக்கு மாற்று வணிகம் என்று நாம் சொல்லலாம். இத்தொழிலைத் தம்பால் ஈர்க்கத் துறைமுகங்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. கொழும்பும் விழிஞ்ஞமும் இன்று நடத்தும் போட்டி அத்தகையதே. இப்போட்டியின் வரலாறு நெடிது. அதில் உள்நாட்டுத் தறிக்கும் ஒரு பங்கு உண்டு.

காற்று வகுத்த கடைவீதி

பாய்மரக் காலத்தில் சரக்கு மாற்றத்தைக் கட்டாயமாக்கியது பருவக்காற்று. பாரசீக வளைகுடாவிலிருந்து புறப்பட்ட கலம் ஒரே பருவத்தில் சீனம் சென்று சேர்தல் அரிது. ஒரு காற்று கொண்டுவந்து விட்ட இடத்தில் அடுத்த காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். 671-ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து புறப்பட்ட இட்சிங் என்னும் துறவி, ஸ்ரீவிஜயத்தில் ஆறு திங்கள் தங்கிப் பின்னரே கடாரம் வழியாக இந்தியா வந்தார். துறவி இலக்கணம் கற்றுக் காலத்தைப் போக்கினார். வணிகன் சரக்கை விற்றுக் காலத்தைக் காசாக்கினான். காற்று மாறும் இடமே சரக்கு மாறும் இடமாயிற்று.

தொண்டை நாட்டுக் கரையும் அத்தகைய இடங்களுள் ஒன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்னும் துறையைக் காட்டுகிறார். குதிரைகளையும் வடநாட்டுப் பொருள்களையும் கொணரும் நாவாய்களும், இரவில் கலங்களை அழைக்கும் உயர்மாடத்து விளக்கும் அங்கே உள. அத்துறை மாமல்லபுரமே என்பாரும், அதனருகே இருந்த வேறு துறை என்பாரும் உண்டு. பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் நடந்த அகழாய்வில் மேலைநாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆக, இக்கரையின் கடல் வணிகத்துக்குப் பாட்டும் சான்று, மண்ணும் சான்று.

அதே புலவர்க்கு உரியதாகக் கொள்ளப்படும் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகிறது. ஈழத்து உணவும் கடாரத்துப் பொருளும் அங்கே குவிகின்றன. நீரில் வந்தவை நிலம் ஏறுகின்றன. நிலத்தில் வந்தவை நீர் இறங்குகின்றன. சுங்கம் கொள்வோர் மூட்டைகளில் புலிப்பொறி இடுகின்றனர். ஒரு புலவர் இரு வேந்தர்க்குரிய இரு துறைகளையும் பாடினார் என்பதை நாம் மேம்போக்காகக் கடந்துவிடுகிறோம். பரிசில் வேண்டிப் பாடியவர் துறையின் வளத்தை அரசனின் புகழாக எண்ணினார் என்றால், துறைகளிடையே போட்டி அன்றே தோன்றிவிட்டது என்று கொள்வதில் தவறில்லை.

பல்லவர் காலத்தில் இப்போட்டி கடல் கடந்தது. தாய்லாந்தின் தகுவாபா என்னுமிடத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ‘அவனிநாரணம்’ என்ற குளத்தைக் குறிக்கிறது. அதனை மணிக்கிராமத்தாரின் காவலில் வைத்தமையையும் சொல்கிறது. அவனிநாரணன் என்பது காஞ்சியை ஆண்ட மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். தமிழ் வணிகர் அயல் மண்ணில் குளம் தோண்டியது ஏன்? காற்றுக்காகக் காத்திருப்பவனுக்கும், கலத்தில் நிரப்பிக்கொண்டு புறப்படுபவனுக்கும் முதல் தேவை நன்னீர். பண்டசாலைக்கு முன்னே குளம் வேண்டும் என்பதை அவ்வணிகர் அறிந்திருந்தனர்.

கடாரமும் சுங்கமும்

சோழர்க்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் இடையே முதலில் நட்பே நிலவியது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்த சூளாமணிவர்ம விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தான். அதே மரபில் வந்த இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டையொட்டிக் கலம் பல செலுத்திக் கடாரம் கொண்டான். நட்பு பகையானது ஏன் என்பதற்கு வரலாற்றாசிரியர் ஒருமுகமாக விடை சொல்லவில்லை. எனினும் மெய்க்கீர்த்தியில் வரும் இடங்களை நிலப்படத்தில் குறித்துப் பாருங்கள். கடாரம், ஸ்ரீவிஜயம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் எனப் பெரும்பாலானவை மலாக்கா நீரிணையை ஒட்டியோ அதற்குச் செல்லும் வழியிலோ அமைந்தவை. சீனத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே சரக்கு மாறும் துறைகள் அவை. சோழர் 1015-இலும் 1033-இலும் சீனத்துக்குத் தூது அனுப்பியதையும் இதனோடு சேர்த்து எண்ணினால், அப்படையெடுப்பில் வணிகக் கணக்கும் இருந்தது என்று கருதுவோரின் வாதம் வலுப்பெறுகிறது.

ஆயினும் வாள் பெற்றுத் தந்தது நிலைக்கவில்லை. சோழர் ஆட்சி அத்துறைகளில் வேரூன்றவில்லை. பின்வந்த முதலாம் குலோத்துங்கன் வேறு வழியில் சென்றான். ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்பது அவன் பெற்ற பெயர். அவன் நீக்கிய சுங்கம் எது, எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவன் காலத்தில் 1077-இல் சீனத்துக்குத் தூது சென்றது. 1088-இல் சுமத்ராவின் பாரூசில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழில் கல்வெட்டு வைத்தனர். வணிகரை வரவழைக்கப் படையினும் வரிக்குறைப்பு வலிது என்பதை அம்மன்னன் கண்டுகொண்டான் போலும்.

இதனினும் தெளிவான சான்று ஆந்திரக் கரையில் உள்ளது. மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-ஆம் ஆண்டை ஒட்டி அபய சாசனம் ஒன்றை நாட்டினான். புயலால் ஒதுங்கிய கலங்களின் சரக்கை முன்னை மன்னர் முற்றாகக் கவர்ந்துகொண்டனர். நாம் குறித்த சுங்கம் தவிர வேறு கொள்ளோம் என்பது அதன் சாரம். பொருளினும் புகழும் அறமும் பெரிது என்பது மன்னன் சொல்லும் காரணம். அறம் இங்கே வணிக நுட்பமும் ஆகிறது. கரை ஒதுங்கிய கலத்தைக் கொள்ளையிட்ட துறைக்கு அடுத்த பருவத்தில் எவன் வருவான்?

சரக்கு மாற்று வணிகத்தின் இயல்பு இதுவே. அச்சரக்கு துறையின் மண்ணில் விளைந்ததன்று. துறையின் மக்கள் நுகர்வதும் அன்று. ஓரிரவு தங்கிச் செல்லும் வழிப்போக்கனைப் போன்றது. சத்திரத்தில் நீதி தவறினால் அடுத்த சத்திரம் அவனுக்குத் தெரியும்.

மலாக்காவிலிருந்து சென்னைக்கு

1400-ஐ ஒட்டி எழுந்த மலாக்கா இந்த இயல்பை நன்கறிந்த நகரம். மேற்கிலிருந்து வரும் சரக்குக்கு நூற்றுக்கு ஆறு எனச் சுங்கம் வகுத்திருந்தது. அயல்நாட்டு வணிகர்க்கென ஷாபந்தர் என்னும் அதிகாரிகள் நால்வரை அமர்த்தியிருந்தது. சோழமண்டலத் துணி அங்கே சென்று கிராம்பும் சாதிக்காயுமாக மாறியது. 1511-இல் போர்ச்சுகீசியர் அந்நகரைப் பிடித்தபின் தமிழ் வணிகரான நைனா சத்து அங்கே பெந்தகாரா என்னும் உயர்பதவி பெற்றார். ஆனால் முஸ்லிம் வணிகர் பலர் அச்சே, பாந்தன் முதலிய பிற துறைகளுக்குப் பெயர்ந்தனர். கோட்டை கைப்பட்டது, வணிகத்தின் ஒரு பெரும்பகுதி கைநழுவியது.

பதினேழாம் நூற்றாண்டில் போட்டி நம் வாயிலுக்கே வந்தது. மயிலாப்பூர்ச் சாந்தோமில் போர்ச்சுகீசியர். 1610 முதல் பழவேற்காட்டில் டச்சுக்காரர். 1620 முதல் தரங்கம்பாடியில் டேனியர். 1639-இல் சென்னையில் ஆங்கிலேயர். பின்னர்ச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். இத்தனை பேரும் தேடி வந்தது துணியை. அத்துணியே கீழைத்தீவுகளில் நறுமணப் பொருளுக்கு மாற்று நாணயம். டச்சுக்காரர் பழவேற்காட்டில் வாங்கிய துணியைப் பதாவியாவில் இறக்கித் தீவுகளுக்குப் பகிர்ந்தனர். அங்கு நடந்ததும் சரக்கு மாற்றமே.

இத்துறைகளுள் சென்னைக்கு அன்று இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட, மசூலாப் படகுகளே சரக்கைக் கரை சேர்த்தன. அவ்வாறிருந்தும் பிரான்சிஸ் டே அவ்விடத்தைத் தேர்ந்ததற்குச் சொன்ன முதன்மைக் காரணம், நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் என்பது. நெசவாளர்க்கு வரிச்சலுகை தந்து அவ்வூரில் குடியேற்றினர். 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையை அதற்கெனவே அமைத்தனர். கடலின் ஆழம் இல்லாத இடத்தில் துறையைத் தாங்கி நிறுத்தியது தறி.

இங்கே காஞ்சியின் பங்கு வெளிப்படுகிறது. காஞ்சிக் கைக்கோளர் தண்டு, சங்கு ஆகிய சிறப்புரிமைகளை முன்பே பெற்றிருந்தனர். பதினைந்தாம் நூற்றாண்டில் அவ்வுரிமைகள் பிற நாட்டுக் கைக்கோளர்க்கும் வழங்கப்பட்டமைக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. அத்தகைய சமூக வலிமை உடையவரை நாடிப் பல துறைகளின் தரகர் வந்தபோது பேரம் நெசவாளர் பக்கம் சாய்ந்தது. முன்பணம் வாங்கியவர் அதைத் திருப்பித் தந்துவிட்டு வேறொருவருக்கு நெய்யலாம். பழவேற்காடு குறைத்துக் கொடுத்தால் சென்னை இருந்தது. சென்னை கடிந்தால் சதுரங்கப்பட்டினம் இருந்தது.

அந்நிலை பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிதைந்தது. 1763-இல் செங்கற்பட்டுப் பகுதி கம்பெனிக்கு ஜாகீராயிற்று. 1780-இல் காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் போர் மூண்டது. 1781-இல் சதுரங்கப்பட்டினமும் பழவேற்காடும் நாகப்பட்டினமும் ஆங்கிலேயர் கைப்பட்டன. அவற்றுள் சில பின்னர்த் திரும்பக் கொடுக்கப்பட்டாலும் பழைய வணிகம் திரும்பவில்லை. கரையில் துறைகள் பல இருந்தன. வாங்குபவன் ஒருவன் ஆனான். முன்பணம் விலங்காயிற்று, கம்பெனியின் சேவகர் தறியின் அருகே நின்றனர். லங்காஷயர் ஆலைத் துணி வந்து நம் நெசவை அழித்தது என்று படித்திருக்கிறோம். அதற்கு முன்பே, போட்டி ஒழிந்த நாளிலேயே, நெசவாளரின் கை கட்டப்பட்டுவிட்டது.

ஒரே பயணம், இரண்டு கற்கள்

1875 டிசம்பரில் இந்தியப் பயணம் வந்த வேல்ஸ் இளவரசர், கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்குக் கல் நாட்டினார்; சில நாள்களில் சென்னையிலும் துறைமுகத்துக்குக் கல் நாட்டினார். கொழும்பின் சுவர் 1885-இல் முடிந்தது. சென்னையில் எழுப்பியவற்றை 1881 நவம்பர்ப் புயல் தகர்த்தது. பின்னர்க் கட்டி முடித்தும் மணல் தூர்த்தலால் துறைமுக வாயிலையே வடகிழக்குக்கு மாற்ற நேர்ந்தது. அதற்குள் கொழும்பு, காலித் துறையின் பழைய இடத்தைப் பற்றிக்கொண்டு, கீழ்த்திசைக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் பெருந்துறையாகிவிட்டது. நிலக்கரி சுமந்த கூலிகளில் நம் தமிழ்நாட்டவர் பலர்.

கொழும்புக்கு இயற்கையும் துணை நின்றது. ஆதம் பாலப் பகுதி ஆழமற்றது. எனவே பெருங்கப்பல்கள் இலங்கையைத் தெற்கே சுற்றிச் செல்கின்றன. அவ்வழிக்கு மிக அண்மையில் கொழும்பு நிற்கிறது.

பெட்டகக் காலம்

காற்று வகுத்த கட்டாயத்தை நீராவி நீக்கியது. கப்பலின் பருமன் அதனை மீண்டும் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான இரும்புப் பெட்டகங்களைச் சுமக்கும் தாய்க்கப்பல் ஒவ்வொரு துறைக்கும் செல்வது கட்டுபடியாகாது. அது ஓர் ஆழ்துறையில் நிற்க, சிறு கப்பல்கள் பெட்டகங்களைக் கொண்டுவந்தும் எடுத்தும் செல்லும். கொழும்பு 1980-களிலேயே இதற்கென முனையம் அமைத்தது; 2018-இல் ஆண்டுக்கு 70 லட்சம் பெட்டக அலகுகளைக் கடந்தது. அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சரக்கு மாற்று. அதிலும் பெரும்பகுதி இந்தியாவுக்கு வருவதும் இந்தியாவிலிருந்து செல்வதும்.

இதற்கு ஆழம் மட்டும் காரணமன்று. நம் சட்டமும் ஒரு காரணம். 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டப்படி, அயல்நாட்டுக் கப்பல் உரிமம் இன்றி இந்தியத் துறை ஒன்றிலிருந்து மற்றோர் இந்தியத் துறைக்குச் சரக்கு ஏற்றக்கூடாது என்றிருந்தது. தூத்துக்குடிப் பெட்டகத்தை அது கொழும்பில் இறக்க முடிந்தது. கொச்சியில் இறக்கத் தடை இருந்தது. 2011-இல் கொச்சி வல்லார்பாடத்தில் முனையம் திறந்தபோது இத்தடை நின்றது. 2012-இல் அதற்கு மட்டும் தளர்ந்தது. 2018-இல்தான் மாற்றுச் சரக்குக்குப் பொதுவாக நீங்கியது. குலோத்துங்கன் தெரிந்துகொண்ட பாடத்தைக் கற்க நமக்கு நெடுநாள் ஆயிற்று.

வழிப்போக்கச் சரக்கு எவ்வளவு விரைவில் ஓடும் என்பதையும் நம் காலம் கண்டது. 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டதும், காப்பீட்டாளர் போர் இடர்க் கட்டணத்தை உயர்த்த, கப்பல்கள் சில கொழும்பைத் தவிர்த்தன. சிங்கப்பூரை நீங்கி 2000-இல் மேர்ஸ்க் நிறுவனமும் 2002-இல் எவர்கிரீன் நிறுவனமும் ஜொகூரின் தஞ்சோங் பெலபாசுக்குச் சென்றன. செல்வம் மிக்க சிங்கப்பூருக்கே அந்நிலை.

இப்போது விழிஞ்ஞம். இராசராசனின் படை கைக்கொண்ட பழந்துறை அது. கரையருகிலேயே ஏறத்தாழ 18 மீட்டர் முதல் 20 மீட்டர் வரை இயற்கை ஆழம்; உலகக் கப்பல் வழி ஏறத்தாழ 10 கடல் மைல் தொலைவில். 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தது. டிசம்பரில் வணிகப் பணி தொடங்கியது. 2025 மே 2-ஆம் நாள் முறையாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. குமரிக் கரையில் இனயத்துக்கு 2016-இல் கொள்கை ஒப்புதல் கிடைத்தும், மீனவ ஊர்களின் எதிர்ப்பால் துறை எழவில்லை. இராசேந்திரன் மெய்க்கீர்த்தியின் மாநக்கவாரமாகிய நிக்கோபாரிலும், பேராமைகள் முட்டையிடும் கலத்தியா விரிகுடாவில், இத்தகைய துறை திட்டமிடப்பட்டு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றது.

போட்டிக்கு விலை உண்டு. அதைப் பெரும்பாலும் கரையோரத்தார் செலுத்துகின்றனர். 2022-இல் விழிஞ்ஞத்து மீனவர் கடலரிப்பைக் காட்டி நூறு நாளுக்கு மேல் போராடினர். 2025 மே மாதம், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் 640 பெட்டகங்களோடு மூழ்கியது. அதிலிருந்த நெகிழி மணிகள் கேரளக் கரையில் ஒதுங்கின, மீன்பிடிப்பு தடைப்பட்டது.

தறி கேட்கும் கேள்வி

இவ்வரலாறு முழுவதிலும் இடம் பெயராதது காஞ்சியின் தறி. நீர்ப்பெயற்று பெயரளவில் நிற்கிறது. மல்லைக்குச் சிற்பம் காண வருவார் உண்டு, சரக்கு வருவதில்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரரின் கல்லறைகள் எஞ்சின. காஞ்சியில் இன்றும் ஓடம் பாய்கிறது. கர்நாடகப் பட்டும் சூரத்துச் சரிகையும் இங்கு வந்து சேலையாகின்றன. 2005-இல் காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. மாவட்டத்தின் மறுபுறத்தில் திருப்பெரும்புதூரின் ஆலைகள் ஊர்திகளையும் மின்னணுப் பொருள்களையும் கப்பலேற்றுகின்றன. நாம் இன்றும் துறைக்குப் பின்னிலம்தான்.

பின்னிலத்தார் கேட்க வேண்டியது, எத்துறை வென்றது என்பதினும், வெற்றிக்குப் பின்னும் போட்டி மிஞ்சுமா என்பதே. இவ்வகையில் ஒரு செய்தி எண்ணத்தக்கது. விழிஞ்ஞத்தை நடத்தும் அதானி குழுமமே, 2025 ஏப்ரலில் பணி தொடங்கிய கொழும்பு மேற்கு முனையத்திலும் பெரும்பங்கு உடையது. 2018 முதல் சென்னைக்கு வடக்கேயுள்ள காட்டுப்பள்ளியும் அதனிடம். ஒரு நிறுவனம் பல துறைகளைத் திறம்பட நடத்தலாம், அது குற்றமன்று. தாய்க்கப்பல் நிறுவனங்களும் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் சுருங்கி வருகின்றன. ஆனால் துறை பலவாயிருந்தும் வாங்குபவன் ஒருவனான நாளில் நம் முன்னோர் நெசவாளர்க்கு நேர்ந்ததை நாம் அறிவோம். கரையில் எத்தனை விளக்குகள் எரிகின்றன என்று எண்ணுவதோடு, அவற்றுக்கு எண்ணெய் ஊற்றும் கைகள் எத்தனை என்றும் எண்ண வேண்டும்.

சங்கப் புலவர் சுங்கச் சாவடியையும் மூட்டை முத்திரையையும் பாட்டுக்கு ஆகாதவை என்று தள்ளவில்லை. அதனால்தான் ஈராயிரம் ஆண்டுக்குப் பின் நாம் அத்துறைகளைப் பற்றி ஏதேனும் சொல்ல முடிகிறது. நம் வட்டத்துக் கவிஞர்கள் காஞ்சியின் கோபுரத்தையும் சேலையின் கரையையும் நிறையவே பாடியிருக்கிறார்கள். காட்டுப்பள்ளியின் பளுதூக்கிகளும், விழிஞ்ஞத்து மீனவப் பெண்களும், பெட்டகத்தில் பயணம் போகும் நம் ஊர்ச் சரக்கும் இன்னும் பாடப்படாமல் நிற்கின்றன. அடுத்த மலருக்குள் அவற்றுள் ஒன்றேனும் பாட்டாக வருமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் நிறைவேறும்.